நாற்காலி ஏன் கட்டில் பக்கம் போனது

ஜன்னலோரம் போட்டிருந்த மஞ்சள் நாற்காலியில் இருந்துதான் தொடங்க வேண்டும். குறுகிய கால வாடகைக்கு விடுவதற்காக ஒரு சிறிய வீட்டை நான் தயார் செய்தபோது, படுக்கையறைக்கென்று பல நாள் யோசித்து வாங்கிய பொருள் அது. சாம்பல் நிறச் சுவர், வெள்ளை விரிப்பு, மரத் தரை, நடுவே அந்த ஒரு மஞ்சள். காலை வெயில் அதன் மேல் சாய்வாக விழுந்த நேரத்தில் எடுத்த படம்தான் வீட்டுக்கான இணையப் பக்கத்தில் முதல் படமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் பலர் புக் செய்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் விருந்தினர் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் நாற்காலி ஜன்னலோரம் இருக்காது. கட்டிலின் இடது பக்கம், தலைமாட்டை ஒட்டி நிற்கும். நான் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பேன். அடுத்தவர் வந்து போனதும் மறுபடி கட்டில் பக்கம் போயிருக்கும். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நாற்காலியின் கால்கள் தரையில் கோடு போட்டிருந்தன. ஜன்னலில் இருந்து கட்டில் வரை மெல்லிய இரண்டு கீறல்கள். கால்களுக்கு அடியில் ஃபெல்ட் துண்டு ஒட்டினேன். பிறகு, ‘அறைகலன்களை இடம் மாற்ற வேண்டாம்’ என்று அழகான எழுத்தில் அச்சடித்து, சிறிய சட்டத்தில் போட்டு மேசை மேல் வைத்தேன். அதன் பிறகும் நாற்காலி நகர்ந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது: இரண்டு மூன்று பேர் கிளம்பும்போது அதைத் திரும்ப ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நகர்த்தியது எப்படித் தெரியும் என்றால், கீறல் கூடியிருந்தது. தங்கள் தேவையை ஒளித்துவிட்டுப் போகும்படி அவர்களைச் செய்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூலையில் இருந்து பார்த்த வீடு

வீட்டை நான் எப்படி வடிவமைத்தேன் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு கேமரா நிற்கும் இடத்தில் இருந்துதான் வடிவமைத்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் படத்தின் அருமை தெரியும். இப்படிப்பட்ட வீடுகளை இணையத்தில் புக் செய்ய உதவும் ஏர்பிஎன்பி 2007இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டுத் தரையில் காற்று மெத்தைகளை விரித்துத் தொடங்கியது. 2009இல் அதன் நிறுவனர்கள் நியூயார்க்கில் வீடு வீடாகப் போய்த் தாங்களே நல்ல படங்கள் எடுத்துக் கொடுத்த பிறகுதான் அங்கே வருமானம் மேலேறத் தொடங்கியது என்பது அந்நிறுவனமே பலமுறை சொன்ன கதை. அன்றிலிருந்து இந்தத் துறையில் வீடு என்பது முதலில் ஒரு படம். கையகலத் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போகிற ஒருவரை ஒரு கணம் நிறுத்தியாக வேண்டும். அதற்கு மஞ்சள் நாற்காலி வேண்டும், படுக்கை மேல் ஏழு தலையணைகள் வேண்டும், மேசை மேல் ஒன்றும் இருக்கக் கூடாது, ஒரு ஒயர்கூடக் கண்ணில் படக் கூடாது.

அறைப் படத்தை எடுப்பவர் எங்கே நிற்பார்? கதவுக்குப் பக்கத்து மூலையில், முதுகு சுவரில் உரச நிற்பார். 16 மில்லிமீட்டர் போன்ற அகலக்கோண லென்ஸ் வைத்திருப்பார். நம் கண் பார்க்கிற அளவுக்கு நெருக்கமான காட்சி 50 மில்லிமீட்டர் லென்ஸில்தான் கிடைக்கும் என்பார்கள். 16இல் எடுத்தால் சிறிய அறை கூடம் போல விரியும். அந்த மூலையில் நின்றபடி யாரும் அந்த அறையில் வாழ்வதில்லை. வருகிறவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு, தரையில் குனிந்து சூட்கேஸைத் திறந்துகொண்டு, கையில் செருப்போடு வாசலில் நின்றுகொண்டுதான் அந்த வீட்டைப் பார்க்கிறார்கள். நான் அந்த மூலையில் நின்று பார்த்து, கட்டிலின் இடது பக்கச் சிறுமேசையை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் மேசை இருந்தால் படத்தில் நெரிசலாகத் தெரிந்தது. ஒரு பக்கம் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இரண்டு பேர் படுக்கும் கட்டில் அது.

உலகம் முழுக்க இந்த வீடுகள் ஒன்றுபோல் ஆகிவிட்டதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வெள்ளைச் சுவர், மரப்பலகை, தொங்கும் பல்பு, தொட்டியில் ஒரு பெரிய இலைச் செடி. 2016இலேயே அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் இந்தத் தோற்றத்துக்கு ‘ஏர்ஸ்பேஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார். அந்த விமர்சனம் எனக்குப் பாதிதான் ஒப்புதல். ஒன்றுபோல் இருப்பது ஒரு குறைதான், ஆனால் களைத்து வருகிறவருக்குப் பழகிய தோற்றம் ஓர் ஆறுதலும்கூட. என்னை உறுத்துவது வேறு. வெள்ளைச் சுவரோ நீலச் சுவரோ, உள்ளே வந்த மனிதர் போட்டிருக்கிற மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பார் என்று யாராவது யோசித்தார்களா? நான் யோசிக்கவில்லை.

அக்கா காட்டிய வட்டம்

வீட்டைச் சுத்தம் செய்ய வருகிற அக்கா எனக்கு மூத்தவர். அவரிடம் சாவி உண்டு. பெரும்பாலும் நான் இல்லாதபோது வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் காலையில் ஒரு குடும்பம் கிளம்பி, அன்று மாலையே அடுத்தவர் வருவதாக இருந்ததால், நானும் உதவிக்குப் போனேன். படுக்கையறைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல நாற்காலியைத் தூக்கப் போனேன். “ஒரு நிமிஷம் இருங்கம்மா,” என்று நிறுத்தினார். கையில் இருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியின் இருக்கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். “இது என்ன தெரியுதா?”

மஞ்சள் துணியில், முன்விளிம்புக்குப் பக்கத்தில், மங்கலாக ஒரு வட்டம். அதை ஒட்டி இன்னொரு வட்டம், கொஞ்சம் சிறியது. கூர்ந்து பார்த்தால் மூன்றாவது ஒன்று பாதி மட்டும். தண்ணீர் டம்ளர் வைத்த அடையாளங்கள். ஒரே நாளில் வந்தவை அல்ல. வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு மனிதர்கள், கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். “உக்கார்றதுக்கு யாரும் இதை இழுக்கலம்மா. ராத்திரி தண்ணி வைக்க இடம் இல்ல. போன் வைக்க இடம் இல்ல. இந்தப் பக்கம் படுக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல மாதமாகத் தெரிந்திருந்த ஒன்றை, கேட்க ஆள் கிடைத்ததும் சொன்னார்.

நான் கட்டிலின் இடது பக்கம் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அந்தப் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கை எட்டும் தூரத்தில் எதுவுமே இல்லை. பிளக் பாயிண்ட் கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதையும் படத்துக்காக மறைத்தது நான்தான். விளக்குச் சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில், எட்டு அடி தள்ளி இருந்தது. அக்கா பேசிக்கொண்டே விரிப்பை உருவினார். “அந்த ஏழு தலகாணியில அஞ்சை நான் எப்பவும் அந்த மூலைல தரையிலதான் பொறுக்குவேன். பாத்ரூம் லைட்டு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், கதவு பாதி திறந்திருக்கும். டவலெல்லாம் கதவு மேல கெடக்கும்.” ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல, நான் அந்தந்த இடத்தைப் பார்த்தேன். குளியலறைக் கதவின் மேல்விளிம்பில் பெயிண்ட் உப்பி உரிந்திருந்தது. ஈர டவல் மாதக்கணக்கில் செய்த வேலை. உள்ளே ஒரே ஒரு கொக்கி இருந்தது, வளைந்த பித்தளையில், பார்க்க மிக அழகாக. நான்கு பேர் தங்கும் வீடு.

ரிவியூக்களை நான் ஒன்று விடாமல் படிப்பவள். அதில் ஒருவர்கூட நாற்காலியைப் பற்றியோ கொக்கியைப் பற்றியோ எழுதியதில்லை. ‘அழகான வீடு, சுத்தமாக இருந்தது’ என்றே எழுதினார்கள். எழுதாததில் வியப்பில்லை. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவருடைய சிக்கல் தீர்ந்துவிட்டது. தீர்ந்துபோனதை யார் எழுதுவார்கள்? ஆனால் வீடு எழுதி வைத்திருந்தது, இருக்கைத் துணியிலும் கதவு விளிம்பிலும் தரைக் கீறலிலும். அதை அக்கா வாரத்துக்கு இரண்டு முறை படித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்டதே இல்லை.

முதல் இரவு

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். ‘இடம் மாறியவை’ என்று முதல் பக்கத்தில் எழுதி, அக்காவின் கையெழுத்தில் ஒரு பட்டியல் வளர்ந்தது. கூடத்து நிற்கும் விளக்கு படுக்கையறையில். சமையலறை ஸ்டூல் குளியலறை வாசலில். திரைச்சீலை நடுவில் துணி கிளிப். இதைப் படிக்கும்போது ஒன்று புரிந்தது: பெரும்பாலானவை இரவு சம்பந்தப்பட்டவை. பகலில் என் வீடு பரவாயில்லாமல் நடந்துகொண்டது. இருட்டிய பிறகுதான் அது அவர்களைக் கைவிட்டது.

புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூக்க ஆய்வாளர்கள் இதை 1960களிலேயே ‘முதல் இரவு விளைவு’ என்று குறித்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் கிடைக்கும் பதிவு இயல்பானதாக இருக்காது என்பது அவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். புது இடத்தில் முதல் முறை தூங்குகிறவருக்கு ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளையின் இடது பாதி, வலது பாதியைவிடக் குறைவாகவே உறங்குகிறது என்று கண்டார்கள். வழக்கத்துக்கு மாறான சிறு சத்தத்துக்கும் அந்தப் பக்கம்தான் விரைவாக விழித்துக்கொள்கிறது. சில நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி தூங்கியபோது அந்த வேறுபாடு இல்லை. டால்ஃபின்கள் மூளையின் ஒரு பாதியை விழிப்பில் வைத்துக்கொண்டு உறங்குவதைப் போல, மனிதருக்கும் மெல்லிய அளவில் ஒரு காவல் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. சொந்த வீட்டுக்காக உள்ளலங்காரம் செய்கிறவர்கள் ஆயிரமாவது இரவுக்காகச் செய்கிறார்கள். எந்தச் சுவிட்ச் எங்கே என்று கை தானே போகும், எந்தப் படியில் தடுக்கும் என்று காலுக்குத் தெரியும். இரண்டு இரவு தங்க வருகிறவருக்கு அதில் பாதி முதல் இரவு. அவர் விழிப்பதும் சத்தம் கேட்டுத் திடுக்கிடுவதும் அந்த மனிதரின் குறையில்லை, உடம்பு செய்யும் வேலை. எனக்கோ அந்த வீட்டில் முதல் இரவு என்ற ஒன்று நடக்கவே இல்லை. தரை போட்ட நாளில் இருந்து அந்த வீட்டை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு வார நாளில், புக்கிங் இல்லாதபோது, நான் அங்கே போய்ப் படுத்தேன். இடது பக்கம். இரவு இரண்டு மணிவாக்கில் விழித்தேன். டிவியின் சிவப்புப் புள்ளி, ஏசியின் பச்சை எண், ரூட்டரின் நீலம் என்று அறை முழுக்கச் சிறு கண்கள். திரைச்சீலைகள் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல்கடை இடைவெளி. தெருவிளக்கு அதன் வழியாக நேராக முகத்தில் விழுந்தது. துணி கிளிப் அதற்குத்தான். எழுந்து குளியலறைக்குப் போகத் தடவிக்கொண்டே நடந்து சுவிட்சைத் தட்டினேன். கண் கூசி நின்றுவிட்டேன். கண்ணாடி முன்னால் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று நான் போட்டிருந்தது 6500 கெல்வின் பல்பு, நடுப்பகல் நீல வெளிச்சம். இரவு இரண்டு மணிக்கு அது முகத்தில் அறைந்தது. திரும்பி வந்து படுத்தபோது நன்றாக விழித்திருந்தேன். பாத்ரூம் விளக்கை அணைக்காமல், கதவைப் பாதி சாத்தி விட்டுப் படுக்கிறவர்களை அப்போது முழுமையாகப் புரிந்தது.

மாற்றியவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். படுக்கையறை விளக்குகளை 2700 கெல்வினுக்குக் கொண்டுவந்தேன், மஞ்சள் கலந்த வெளிச்சம். கட்டிலின் இரு பக்கமும் மெத்தை மேல்மட்டத்துக்குச் சமமான உயரத்தில் சிறுமேசை, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனிச் சுவிட்ச், தனி பிளக் பாயிண்ட். அறையின் பெரிய விளக்குக்குக் கட்டில் பக்கமும் ஒரு சுவிட்ச் இழுத்தோம். மாடிப்படிக்கு இருப்பதைப் போன்ற இரண்டு பக்க இணைப்புதான் அது. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் ஆனது. கட்டிலுக்கு அடியில், ஆள் நடமாட்டம் அறிந்து எரியும் மங்கலான பட்டை விளக்கு. கால் தரையைத் தொட்டதும் தரை மட்டும் தெரியும், பக்கத்தில் படுத்திருப்பவரின் கண்ணுக்கு வராது. குளியலறையில் இரவுக்கென்று தனியாக ஒரு சிறு விளக்கு. திரைச்சீலை இரண்டும் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி தடத்தை மாற்றினோம். சாதனங்களின் சிறு விளக்குகள் மேல் கறுப்பு நாடா ஒட்டினேன். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் வழி விட்டேன். முன்பு இடது பக்கம் வெறும் 35தான் இருந்தது என்று அளந்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சந்துக்குள்தான் நாற்காலியைச் செருகியிருக்கிறார்கள்.

சுவரைப் பார்த்துத் திரும்பிய கடிகாரம்

நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி பல நாள் என்னைத் தொந்தரவு செய்தது. ‘ரூம் கடிகாரம் சுவரைப் பார்த்து இருந்தது’ என்று அக்கா எழுதியிருந்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே வரி. அது கறுப்புக் கண்ணாடி முகப்புள்ள டிஜிட்டல் கடிகாரம், அலமாரி மேல், கட்டிலை நோக்கி இருந்தது. வெளிச்சம் உறுத்தியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்நியர் வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு எப்படித் தெரியும்? வாடகை வீடுகளில் ஒளித்து வைத்த கேமராக்களைப் பற்றிய செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுக்க வீட்டுக்குள்ளே பாதுகாப்புக் கேமரா வைப்பதையே தடை செய்தது. அதற்கு முன்பு கூடம் போன்ற பொது இடங்களில், முன்கூட்டியே தெரிவித்தால், வைக்கலாம் என்றிருந்தது.

என் வீட்டில் கேமரா எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தவர் ஒரு நொடியாவது பயந்திருக்கிறார். குழந்தையோடு வந்திருக்கலாம், தனியாக வந்த பெண்ணாக இருக்கலாம். அலங்காரம் என்று நாம் வைக்கும் பொருள் இன்னொருவர் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்பதை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. கடிகாரத்தை எடுத்துவிட்டு முள் கடிகாரம் ஒன்றைக் கூடத்தில் மாட்டினேன். கண்ணாடிக்குள் மினுக்கும் பொருள், காரணம் தெரியாத துளை உள்ள பொருள் எதையும் படுக்கையறையில் வைப்பதில்லை. புகை உணரும் கருவி மட்டும் இருந்தே ஆக வேண்டும், அது உயிர் சம்பந்தப்பட்டது. அதன் பக்கத்தில் ‘புகை அறிவிப்பான்’ என்று சிறிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எழுதி ஒட்டியது என்றதும் அறிவிப்புகள் நினைவுக்கு வருகின்றன. ஒரு கட்டத்தில் வீட்டுக்குள் பதினொரு அறிவிப்புகள் இருந்தன. ‘வெந்நீருக்கு வலப்பக்கம் திருப்பவும்.’ ‘இந்தக் கதவைத் தூக்கி மூடவும்.’ ‘சூட்கேஸைப் படுக்கை மேல் வைக்க வேண்டாம்.’ ஒவ்வொன்றையும் எடுத்து, இதை ஏன் எழுத வேண்டி வந்தது என்று பார்த்தோம். குழாயைத் தலைகீழாக இணைத்திருந்தார்கள். கதவின் கீல் இறங்கியிருந்தது. சூட்கேஸ் படுக்கை மேல் போவதற்குக் காரணம், அதைத் திறந்து வைக்க வேறு இடமே இல்லை. பெரிய பெட்டி ஒன்றைத் திறந்தால் இரு மடங்கு தரை வேண்டும். இரண்டு பேர், இரண்டு பெட்டி. விமானத்தில் அனுமதிக்கிற 23 கிலோ பெட்டியைத் தரையில் குனிந்து கிளறுவது வயதானவர்களுக்கு எவ்வளவு கடினம்! சக்கரத்தில் தெருப் புழுதியோடு அது வெள்ளை விரிப்பு மேல் ஏறியது. மடக்கும் பெட்டித்தாங்கி இரண்டு வாங்கி, அலமாரியின் கீழ்ப்பாதியைத் திறந்தபடி விட்டேன். விரிப்பில் சக்கரத் தடம் நின்றுபோனது. இப்போது வீட்டில் மூன்று அறிவிப்புகள்தான் உள்ளன: புகை அறிவிப்பான், வைஃபை, குப்பை எடுக்கும் நாள்.

தாங்குகிற பொருள்

பொருள்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் அதிகம். முதலில் வாங்கிய சோபா போலித் தோல். பார்க்கத் தோல் போலவே இருந்தது, துடைத்தால் பளிச்சென்று ஆனது. இரண்டு வருடத்தில் கைப்பிடியில் இருந்து செதில் செதிலாக உரியத் தொடங்கியது. மேலே இருக்கும் பாலியூரித்தேன் படலத்தை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஈரக் காற்றும் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. ஒருமுறை உரியத் தொடங்கினால் ஒட்ட வைக்க வழியில்லை. அடுத்த சோபாவுக்கு நெய்த துணிதான், கழற்றித் துவைக்கும் உறையோடு. துணி வாங்கும்போது மார்ட்டின்டேல் எண்ணைக் கேளுங்கள், எத்தனை ஆயிரம் உரசலைத் தாங்கும் என்பதன் அளவு அது. ஆள் மாறி மாறி உட்காரும் வீட்டுக்கு 30,000க்கு மேல் இருப்பது நல்லது.

விரிப்பு வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. கறை உடனே தெரியும், வெளுக்க முடியும், ஒன்று கிழிந்தால் அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்கும். ‘1000 த்ரெட் கவுண்ட்’ என்ற அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு சதுர அங்குலத்தில் அத்தனை நூல் அடங்காது. பல இழைகளை முறுக்கி ஒரே நூலாக்கி, ஒவ்வோர் இழையையும் தனியாக எண்ணிச் சொல்கிறார்கள். 200இலிருந்து 400க்குள் நல்ல பருத்தி கிடைத்தால் போதும். டவலிலும் இதே கதைதான். 700 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற அளவு) கையில் எடுக்கச் சுகமாக இருக்கும், ஆனால் காலையில் ஒருவர் போய் மாலையில் இன்னொருவர் வரும் நாளில் காயாது. காயாத டவல் நாறும். நான் 500இல் நின்றுவிட்டேன். முகம் துடைக்க அடர்நிறத்தில் சிறு துண்டுகளைத் தனியாக வைத்தேன், கண்மை அதில் போகட்டும் என்று. அந்தப் பித்தளைக் கொக்கிக்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து மாட்டினேன். அழகு கொஞ்சம் குறைந்தது உண்மைதான்.

படம் என்ன ஆனது

இவ்வளவும் செய்துவிட்டுப் புதிதாகப் படம் எடுத்தபோது எனக்கே சோர்வாக இருந்தது. கட்டிலின் இரு பக்கமும் மேசை, விளக்கு, ஒயர், பிளக். தலையணை நான்கு. பழைய படத்தில் இருந்த அமைதி இல்லை. இதே தொழிலில் பல வருடம் வீடுகளை அலங்கரித்துக் கொடுக்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “உள்ள வந்தாத்தானே உன் மேசையைப் பார்ப்பாங்க? வரவைக்கிறது படம்தான்,” என்றார். அவர் சொல்வதை நான் ஒதுக்கவில்லை. யாரும் வராத வீட்டில் 2700 கெல்வின் விளக்கு யாருக்காக எரிய வேண்டும்? அவர் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் படத்துக்காக மேசையை எடுத்துவிட்டு, வந்தவரை நாற்காலியை இழுக்க வைப்பது எனக்கு இனி முடியாது. பணம் கொடுத்து, நம்பி, களைத்து வருகிற ஒருவரிடம் படத்தில் ஒன்றைக் காட்டி இரவில் இன்னொன்றைக் கொடுப்பதாகவே அது எனக்குப் படுகிறது.

கடைசியில் படத்தை இரவில் எடுத்தேன். பெரிய விளக்கை அணைத்து, கட்டில் பக்க விளக்குகள் இரண்டையும் போட்டு, மூலையில் நிற்காமல் கட்டிலின் கால்மாட்டில் நின்று, 35 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தேன். அறை இருக்கிற அளவுக்குத்தான் தெரிகிறது. ஒரு மேசை மேல் தண்ணீர் டம்ளர், இன்னொன்றில் மடக்கிய கண்ணாடி. ஒயரை மறைக்கவில்லை. முதல் இரண்டு மாதம் புக்கிங் மந்தமாக இருந்தது. அது படத்தாலா, அந்தப் பருவத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது பழையபடி வருகிறார்கள். ரிவியூக்களில் ‘நன்றாகத் தூங்கினோம்’ என்ற வார்த்தை சில தடவை வந்திருக்கிறது. முன்பு அது வந்ததில்லை. ஒரு பெண்மணி, தன் அம்மா இரவில் யாரையும் எழுப்பாமல் தானாகவே எழுந்து போய்வந்ததாக ஒரு வரி எழுதியிருந்தார். கட்டிலுக்கு அடியில் எரியும் விளக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை மட்டும் நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மஞ்சள் நாற்காலிக்கு இருக்கைத் துணி மாற்றி, ஜன்னலோரம் திரும்பப் போட்டோம். நாலைந்து மாதம் அது அங்கேயே இருந்தது. போன வாரம் ஒரு வயதான தம்பதி கிளம்பிய பிறகு அக்கா போன் செய்தார். “நாற்காலி மறுபடி நகந்திருக்கும்மா. இந்தத் தடவ கட்டில் பக்கம் இல்ல. வாசல்ல இருக்கு, ஷூ ரேக்குப் பக்கத்துல.” நான் நேரில் போய்ப் பார்த்தேன். கதவுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டி, ஒருவர் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொள்ளும் வாகில் நின்றது. முதுகுப் பக்கம் சுவரில் லேசாகக் கைத்தடம், எழுந்திருக்கும்போது ஊன்றியிருப்பார்கள். “எடுத்து உள்ள வெச்சிரட்டுமா?” என்றார் அக்கா. வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, கதவு திறக்கும் வீச்சைத் தவிர்த்து அங்கே எவ்வளவு நீளத்துக்கு ஒரு பெஞ்சு போடலாம் என்று அளந்தோம். 92 சென்டிமீட்டர் வந்தது. ஊன்றி எழ ஒரு கைப்பிடியும் வேண்டும் என்று அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார்.